கோதுமையா, பாலா, வெங்காயமா? ஒத்துக்கொள்ளாத உணவைக் கண்டுபிடிக்கும் வழி

சென்னையை அடுத்த ஆவடியின் கடைத்தெருவில் இரண்டு விதமான சமையலறைகளுக்கு மளிகை விற்கிறது. ஒரு பக்கம் இட்லி அரிசி, புழுங்கல் அரிசி மூட்டைகள். அடுத்த அடுக்கில் பத்துக் கிலோ ஆட்டா, ராஜ்மா, கடுகெண்ணெய். 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஊர் இது. போர் ஊர்தி ஆய்வு நிறுவனமும் விமானப்படை நிலையமும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் இங்கே இருப்பதால் வடமாநிலக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வந்துபோகின்றன. பக்கத்து அம்பத்தூர் தொழிற்பேட்டையான எஸ்டேட்டுக்கு ஒடிசா, பீகார், வங்காள இளைஞர்கள் வேலைக்கு வருகிறார்கள். இட்லியும் ரொட்டியும் ஒரே தெருவில் வேகின்றன.

வயிறு கெட்டால் மட்டும் இரண்டு வீடுகளுக்கும் ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது. கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து, பருப்பை நிறுத்து. வாட்ஸ்அப்பில் வருவதும் இதுதான், பக்கத்து வீட்டில் சொல்வதும் இதுதான். யாருக்கு, எந்த உணவு, எவ்வளவு சேர்ந்தால் ஒத்துக்கொள்ளாது என்பதைக் கேட்காமல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால், கடைசியில் வயிறும் சரியாகாது, உடம்பும் இளைத்துவிடும். முறையாகத் தேடினால் குற்றவாளி பெரும்பாலும் ஒன்றிரண்டு உணவுகள்தான், அதிலும் அளவு மீறும்போதுதான் என்று தெரியவரும்.

கோதுமையிலிருந்து தொடங்கலாம். ஏனென்றால் ஆவடியின் இந்த இரண்டு சமையலறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது போன்ற ஒரு பெரிய ஆய்வு நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் குடல்நோய் மருத்துவராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணா, டெல்லி எய்ம்ஸின் கோவிந்த் மகாரியா உள்ளிட்ட குழுவினர் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்கள் தேடியது சீலியாக் நோயை. முடிவு 2016ல் வெளியானது. வடக்கே ஆயிரம் பேருக்கு 8.53 பேர், வடகிழக்கில் 4.66; தெற்கே வெறும் 0.11. இத்தனை வித்தியாசத்துக்குப் பிறவிக்கூறு காரணமாக இருக்குமோ என்று பார்த்தால், அந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகள் வடக்கே 38.1 விழுக்காட்டினரிடமும் தெற்கே 36.4 விழுக்காட்டினரிடமும் இருந்தன. ஏறக்குறைய சமம். சமமில்லாமல் இருந்தது தட்டுதான். வடக்கே ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமை 455 கிராம், தெற்கே 25 கிராம்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் பெரும்பாலோருக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. சீலியாக் நோயாளிக்கு மட்டும், அது உள்ளே போனதும் உடலின் நோயெதிர்ப்புப் படை தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதனால் இந்த நோய் எப்போதும் வயிற்றுப்போக்காகத்தான் வரும் என்றில்லை. மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை, காரணம் தெரியாத எலும்புத் தேய்வு என்றும் முகம் காட்டும். ஆவடியிலோ பட்டாபிராமிலோ வசிக்கும் வடமாநிலக் குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் சீலியாக் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது அவசியம். தமிழ்நாட்டில் அரிதான நோய் என்பதால் அது மருத்துவரின் நினைவுக்கு உடனே வராமல் போகலாம்.

தமிழ்க் குடும்பங்கள் அந்த 0.11 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நமக்கு வராது என்று இருந்துவிடவும் முடியாது. மரபணு இங்கேயும் இருக்கிறது. சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்தி, ஷிப்ட் முடிந்து பரோட்டா, காலையில் பிரெட், நடுவில் பிஸ்கெட் என்று கோதுமை நம் தட்டிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. 25 கிராமை இரண்டு பரோட்டாவே தாண்டிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்த அன்றே கோதுமையை நிறுத்திவிட்டு, பிறகு ஆய்வகத்துக்குப் போகக் கூடாது. 'டி.டி.ஜி.' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ரத்தப் பரிசோதனை, குளூட்டனால் தூண்டப்பட்டு உடல் தன் சொந்த நொதி ஒன்றுக்கு எதிராகவே செய்துவைத்திருக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் அது குறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கிவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். பரிசோதனை முடிந்து, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் திசு எடுத்துப் பார்த்து, மருத்துவர் உறுதி செய்யும் வரை வழக்கம்போல ரொட்டி சாப்பிட வேண்டும்.

நோய் உறுதியானால் விலக்கு ஆயுள் முழுவதற்கும், அதுவும் துளிகூட இல்லாமல். இதில் தமிழ்ச் சமையலறை மிகவும் தோதானது. இட்லி, தோசை, பொங்கல், புட்டு, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் எதிலும் கோதுமை இல்லை. ஆனால் ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு. ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமைதான் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும்; சாம்பார், ரசம், மோர் என்று மூன்று வேளையும் அது உள்ளே போகும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. மாவு மில்லில் ஒருவர் கோதுமை அரைத்த உடனே அதே எந்திரத்தில் நம் அரிசியைப் போட்டால், அந்த மாவும் இந்த நோயாளிக்கு ஆகாது. வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வது நல்லது. ஹோட்டலில் பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லில் வேகிறதா என்று கேட்க வேண்டும். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. பாக்கெட் வாங்குகிறவர்கள் அந்தச் சொற்களைத் தேடிப் பார்க்கலாம்.

பரிசோதனையில் சீலியாக் இல்லை என்று வந்தும் சப்பாத்தி தின்றால் வயிறு உப்புகிறது என்பவர்கள் மிகப் பலர். அவர்கள் கற்பனை செய்யவில்லை. நார்வேயில் நடந்து 2018ல் வெளியான ஆய்வு ஒன்று இவர்களுக்கு விளக்கம் தருகிறது. குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களே விலக்கி வைத்திருந்த 59 பேருக்கு, எதில் எது இருக்கிறது என்று சொல்லாமல், குளூட்டன் சேர்த்த தின்பண்டம், ஃப்ரக்டான் சேர்த்தது, இரண்டும் இல்லாதது என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதிகத் தொந்தரவு தந்தது ஃப்ரக்டான். அது புரதமல்ல, கோதுமையில் உள்ள ஒரு கார்போஹைட்ரேட் வகை. மனிதச் சிறுகுடலால் அதை உடைக்க முடியாது. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்குகின்றன.

ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் ஏராளம். ஆக, சப்பாத்தியைக் குற்றம் சொல்லி நிறுத்திவிட்டு, சின்ன வெங்காய சாம்பாரோடு இட்லி சாப்பிட்டவருக்கு உப்புசம் போகாததில் வியப்பில்லை. வாயுத் தொல்லைக்கு வீட்டில் உடனே வைக்கும் பூண்டு ரசமும், எரிச்சல் குடல் என்ற தொடர் வயிற்றுத் தொல்லை உள்ள சிலருக்கு உபாதையைக் கூட்டிவிடும். மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழக மருத்துவர்கள், இப்படி நொதித்து வாயு உண்டாக்கும் சர்க்கரைகளையெல்லாம் ஒரு தொகுதியாகச் சேர்த்து 'ஃபாட்மேப்' என்று பெயரிட்டார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ராஜ்மா, கொண்டைக்கடலை, காலிஃபிளவர், ஆப்பிள், மாம்பழம், தர்பூசணி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அரிசி இல்லை.

பட்டியலைப் பார்த்துப் பயந்து சமையலையே கைவிட வேண்டியதில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டுப் பற்களை முழுதாகப் போட்டு, மணம் இறங்கியதும் பற்களை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை கிடைக்கும், வாயு இருக்காது. குழம்பில் கொதித்த பூண்டை ஓரமாக ஒதுக்கிவைப்பதில் பயனில்லை. கரைய வேண்டியது ஏற்கெனவே கரைந்துவிட்டது. பருப்பு, பயறு வகையில் வாயு உண்டாக்கும் சர்க்கரையும் தண்ணீரில் இறங்கக் கூடியது. சுண்டலுக்கு ராத்திரி ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் கொட்டிவிட வேண்டும். துவரம்பருப்பு சேராதவர்களுக்குப் பாசிப்பருப்பு பெரும்பாலும் சேர்கிறது. இட்லி மாவு புளிக்கும்போது உளுந்தின் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதியை நுண்ணுயிரிகளே தின்றுவிடுகின்றன. இட்லி மாவை உப்பச் செய்வது லூக்கோனோஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று 1965லேயே அறிவியல் இதழில் பதிவாகியிருக்கிறது. கடையில் வாங்கும் பாக்கெட் மாவு புளிக்காமல் இருந்தால் அதைச் சில மணி நேரம் வெளியே வைத்துப் பொங்க விட்டுச் சுடுவதே வயிற்றுக்கு நல்லது.

அடுத்தது பால். அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணையே இருக்கிறது. விடியும் முன்பே தெருவுக்குப் பாக்கெட் வந்துவிடுகிறது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் வயதில் எல்லாரிடமும் நிறைய இருக்கும் இந்த நொதி, வளர வளரப் பெரும்பாலான மனிதர்களிடம் குறைந்துவிடுகிறது. வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் நலமாக இருந்தவர்களைப் பரிசோதித்து 2010ல் வெளியிட்ட ஆய்வில், லாக்டோஸைச் சரியாகச் செரிக்காதவர்கள் வடக்கைவிடத் தெற்கில் அதிகம் என்று தெரிந்தது. தென்னிந்தியர்களில் பெரும்பான்மையோர் இந்த வகைதான். அதாவது தமிழனுக்குப் பால் முழுதாகச் செரிக்காமல் இருப்பது நோயே அல்ல, இயல்பு.

இயல்பு என்றால் எல்லாரும் பாலை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை இவர்களில் பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2010ல் கூட்டிய வல்லுநர் குழு கூறியது. நூறு மில்லி பாலில் இருப்பது நாலரை முதல் ஐந்து கிராம். டீக்கடைக் கிளாஸில் அதற்கும் குறைவு. ஆகவே ஒரு காபி, சாயங்காலம் ஒரு டீ பிரச்சினை இல்லை. ராத்திரி வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் பால் குடித்தாலோ, பால்கோவா, பாயசம், ஐஸ்கிரீம் என்று ஒரே விருந்தில் அடுக்கினாலோ வயிறு இரையும். பாக்கெட்டின் நிறத்தை மாற்றிப் பார்ப்பதால் பலன் இல்லை. நிறம் மாறினால் மாறுவது கொழுப்பின் அளவு. லாக்டோஸ் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தயிரில் பாக்டீரியா ஒரு பகுதி லாக்டோஸைத் தின்றுவிடுவதோடு, உள்ளே போன பிறகும் செரிக்க உதவுகிறது. மோர் இன்னும் எளிது. நெய்யில் லாக்டோஸ் இல்லையென்றே சொல்லலாம். பாலை அறவே விட்டவர்கள் கால்சியத்துக்குக் கேழ்வரகைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

ஒவ்வாமை இதிலிருந்து முற்றிலும் வேறு. கத்தரிக்காய் தின்றால் அரிக்கிறது என்பது நம் வீடுகளில் பழைய பேச்சு. மைசூரில் 741 பேரிடம் நடத்தி 2008ல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு ஒன்பது பேர் வாக்கில் கத்தரிக்காயால் அரிப்பு போன்ற தொல்லை இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் உண்மையான ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. அரிப்பும் உப்புசமும் தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை. இறாலோ வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் அது அவசர நிலை. 108ஐ அழைக்க வேண்டும். அந்த உணவை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது.

வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்து, இருநூறு உணவுகளுக்கு 'சென்சிட்டிவிட்டி' அறிக்கை தருகிற பரிசோதனைகளுக்கு இப்போது ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. இவை பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளை அளக்கின்றன. அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு இந்த எதிர்ப்பொருள் உருவாவது இயல்பு. அது ஒத்துக்கொள்ளாமையின் அடையாளமல்ல. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008லேயே இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கூறிவிட்டது. அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

உணவே குற்றவாளியாக இல்லாத சமயங்களும் உண்டு. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை பலருக்கு வாயுவும் பேதியும் உண்டாக்கும். மாத்திரை தொடங்கிய தேதியும் தொல்லை தொடங்கிய தேதியும் பொருந்துகிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் சொன்னால் மாற்று உண்டு. மூட்டுவலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும். எஸ்டேட்டில் இரவு ஷிப்ட் முடித்து, நடுராத்திரி பிரியாணியோ பரோட்டா சால்னாவோ சாப்பிட்டு உடனே படுப்பவருக்கு வரும் நெஞ்செரிச்சலுக்கு, மைதாவைவிட எண்ணெயும் படுத்த நேரமும்தான் காரணம். கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விட்டாலே பாதித் தொல்லை போய்விடும்.

மழைக்காலம் தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட் வெள்ளத்தில் நின்றதை இந்தப் பகுதி மறந்திருக்காது. வெள்ளமும் கலங்கிய குழாய் நீரும் வரும் காலத்தில் வயிற்றுப்போக்கும் வரும். தொற்று தீர்ந்த பிறகும் சிறுகுடலின் உட்சுவர் ஆறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை லாக்டேஸ் குறைந்திருக்கும், பால் சேராது. அது தற்காலிகம். பிள்ளைக்குப் பால் ஆகாது என்று நிரந்தர முத்திரை குத்திவிடக் கூடாது. இப்படிப்பட்ட தொற்றுக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு எரிச்சல் குடல் தொடர்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. குடிநீரைக் கொதிக்கவைப்பது அடுத்த வருடத்து வயிற்றுவலியையும் தடுக்கும் வேலை.

பழைய சோற்றைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. வேலூரில் ராமகிருஷ்ணாவின் குழு, காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்து, பேதி விரைவில் நிற்பதை 2000ல் உலகுக்குக் காட்டியது. பெருங்குடலின் நுண்ணுயிரிகள் அந்த மாவுச்சத்தைக் கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அவற்றோடு உப்பும் நீரும் உள்ளே இழுக்கப்படுகின்றன. ஆறிய சோற்றிலும் இத்தகைய மாவுச்சத்து ஓரளவு உருவாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் பழைய சோற்றின் பயனை அரசு நிதியில் ஆராய முனைந்தது. அதை மருந்து என்று சொல்வது அவசரம். நல்ல காலை உணவு என்று தாராளமாகச் சொல்லலாம். சோறு ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றி, மூடி, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். பிசுபிசுப்போ கெட்ட வாடையோ வந்தால் கொட்டிவிட வேண்டும். நீர் ஊற்றாமல் வெளியே கிடந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிடுவது ஆபத்து. பேசில்லஸ் செரியஸ் கிருமி உண்டாக்கும் நஞ்சு சூட்டில் அழியாது.

இனி தேடும் முறை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுத வேண்டும்: சாப்பிட்டது, நேரம், ஷிப்ட், மாத்திரை, தூக்கம், தொல்லை, மலம் போன விதம். எதையும் நிறுத்தாமல் எழுதுவதுதான் முக்கியம். பிறகு அதிகம் சந்தேகப்படும் ஒரே ஒரு உணவை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்த வேண்டும். (சீலியாக் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே கோதுமையில் கை வைக்கலாம்.) மாற்றமே இல்லையென்றால் அந்த உணவு நிரபராதி, அதைத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். குறைந்தால், மூன்று நாள் சோதனை. பால் என்றால் முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒன்று. எந்த அளவில் வயிறு எதிர்க்கிறதோ அதற்குக் கீழே நின்றுகொள்ள வேண்டும்.

இந்தத் திரும்பச் சேர்க்கும் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தியதும் சுகம் கிடைத்துவிட்டது, அப்படியே இருப்போம் என்று ஆண்டுக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். வெங்காயமும் பயறும் ஊட்டும் பைஃபிடோ போன்ற நல்ல பாக்டீரியாக்கள் நீண்ட விலக்கில் குறைந்துபோகின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. கீரையும் பயறும் இல்லாத தட்டில் அது எட்டாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே எடை குறைந்தவர்கள் உணவியல் வல்லுநரின் துணை இல்லாமல் எந்த விலக்கும் தொடங்கக் கூடாது.

நோட்டும் சோதனையும் எல்லாருக்கும் உரியதல்ல. மலத்தில் ரத்தம், முயலாமலே எடை இறங்குவது, மாலையில் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக மாறிய மலப்போக்கு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உணவைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. குடல் காசநோயும் நம் நாட்டில் இப்படித்தான் தொடங்குகிறது. கண்டுபிடித்தால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், பெரும்பாலோருக்குக் குணமும் உண்டு. எஸ்டேட் தொழிலாளிகளிடம் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது, அதைக் கொண்டு மருந்தகத்திலிருந்து அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். மற்றவர்களுக்குக் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளில் குடல்நோய்க்கென்றே தனித் துறை உண்டு. மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று உங்களிடமோ வீட்டில் ஒருவரிடமோ இருந்தால், இந்த வாரமே அங்கே போய்க் காட்டிவிடுங்கள்.